பழியை வாங்கியவர் மேல் போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில், உட்கார்ந்து ஓட்டும் பெட்ரோல் புல்வெட்டி மெஷின்களுக்கு உலகச் சந்தையில் இருக்கும் வரவேற்பைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் கடைசிப் பத்தியில், நம் பக்கத்தில் இவை சீக்கிரம் கெட்டுப்போவதற்குக் காரணம் வாங்குபவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாததுதான் என்று ஒரு வரி. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புல்வெட்டி மெஷின் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். மறுநாள் கடை திறக்கவே எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்துக்கு இப்படி ஒரு மெஷின் வாங்கினார்கள். ஆறே மாதத்தில் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர், பெட்ரோல் போகும் ஜெட் துவாரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அதை ஓட்டிய தோட்டக்கார அண்ணன் ஒவ்வொரு தடவையும் வெட்டி முடித்ததும் அடித்தட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக் கழுவி வைப்பவர். பிளேடு கூராக இருந்தது, ஆயிலும் காலத்தில் மாற்றியிருந்தார். நிர்வாகம் அவரைத்தான் நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டது.

மெஷினோடு வந்த புத்தகத்தை நான் பிரித்துப் பார்த்தேன். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று இங்கிலீஷில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூன் மழை விட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. டேங்கில் பெட்ரோலோடு ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலே போதும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புல் வெட்டுகிறவருக்குத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

அப்புறம் பெல்ட் அறுந்தது. வெளியிலிருந்து வர வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பதினோரு வாரம் காத்திருந்தோம். மைதானத்தில் இடுப்பளவு புல். கடைசியில் தோளில் மாட்டும் மெஷினோடு இரண்டு பேர் வந்துதான் வெட்டினார்கள். 2025 செப்டம்பரில் புல்வெட்டிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதை முதல் பக்கத்தில் போட்டீர்கள், சரி. என்னிடம் வருகிறவர்கள் வாங்கும் ஸ்பேர் விலை இறங்கியதா என்று விசாரிக்க யாரையும் அனுப்பவில்லை.

சந்தை வளர்கிறது என்கிறீர்கள். இந்த மெஷின்களுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே கலிபோர்னியாவில் 25 குதிரைத்திறனுக்குக் கீழான புதுப் புல்வெட்டி எஞ்சின்கள் 2024 முதல் புகையே விடக் கூடாது என்று 2021இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கான பெட்ரோல் மெஷின்களில் பெரும்பகுதியை விடப்போவதாக ஸ்வீடன் கம்பெனி ஹஸ்க்வர்னா 2022இல் அறிவித்தது. ஹோண்டா தன் தள்ளிச் செல்லும் பெட்ரோல் புல்வெட்டிகளை அமெரிக்காவுக்குத் தயாரிப்பதை 2023இல் நிறுத்தியது. செய்கிறவர்களே கையை விட ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று இங்கே கடன் வாங்கி மெஷின் எடுப்பவருக்கு ஐந்து வருடம் கழித்து, பிளேடைச் சுழற்றும் தண்டுக்கான ஸ்பிண்டில் பேரிங்கை யார் தருவார்கள்? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதைவிட எனக்குப் பயம் தந்தது, ரப்பர் தோட்டங்களுக்கும் ஏற்றது என்று எழுதியதுதான். 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்று இந்த மெஷின் புத்தகங்களில் எச்சரிக்கை இருக்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை ஒருமுறை வந்து பாருங்கள். தட்டுத் தட்டாக வெட்டிய சரிவில் இது கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில் போய்விடுவார். உங்கள் பத்திரிகையை நம்பி வாங்குகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது இங்கே யாரையும் கேட்பதில்லை என்ற வருத்தம் எனக்குப் பழையது. ரப்பர் விலை என்றால் கோட்டயம் விலையைப் போடுகிறீர்கள். குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டுக்கு வியாபாரி என்ன கொடுத்தார் என்பது வருவதே இல்லை. கேனில் பெட்ரோல் தரமாட்டோம் என்று பங்கில் திருப்பி அனுப்புவதால் புல்வெட்டுத் தொழிலாளிகள் படும் பாட்டை மூன்று வருடத்துக்கு முன் எழுதினேன். அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. இருபது வருட வாசகன் நான், அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனிமேல் மெஷின் விலை எழுதும்போது, எத்தனை சதவீதம் எத்தனால் தாங்கும், பெல்ட் எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். திருத்தம் வந்த பக்கத்தை வெட்டி எடுத்து அந்தத் தோட்டக்கார அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
புல்வெட்டி மெஷின் மெக்கானிக்,
மார்த்தாண்டம்.