மஞ்சள் பட்டை திரும்பி வந்த கதை

டேய் செல்வா,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் ஐந்நூறு ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்பா டைரியில் எழுதிவைத்த சொலவடைகளை எல்லாம் டைப் அடித்து, தேடுவதற்கு ஒரு பெட்டியும் வைத்து, ஒரு வெப் பக்கமாக்கி, பென்டிரைவில் ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா டபுள் கிளிக் பண்ணினால் தலைப்பு மட்டும் வருகிறது, கீழே வெறும் வெள்ளை. "சொலவடை எங்கடா?" என்கிறார். பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக 'ஆரிஜின் நல்' என்று ஒரு வரி, அதாவது பக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். சர்வரிலிருந்து வராமல் ஃபைலாகத் திறக்கிற பக்கத்தை குரோம் ஊர் பேர் தெரியாத ஆளாகத்தான் பார்க்குமாம். அதே ஃபோல்டரில் கிடக்கும் ஜேசன் ஃபைலைக்கூட, சொலவடை எல்லாம் இருக்கிற டேட்டா ஃபைல் அதுதான், எடுக்க விடாது. நான் வீட்டில் என் கம்ப்யூட்டரிலேயே ஒரு பைத்தான் சர்வரை ஓடவிட்டு, அதன் வழியாக லோக்கல்ஹோஸ்ட் 8000-ல் பார்த்துக்கொண்டிருந்ததால் இது தெரியவே இல்லை.

எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த புதிதில் எக்ஸ்புளோரர் தலையில் எதையோ தடுத்துவிட்டேன் என்று ஒரு மஞ்சள் பட்டை வருமே, பிரவுசிங் சென்டரில் யார் கூப்பிட்டாலும் படிக்காமலே 'அனுமதி' அமுக்கிவிட்டு நாம் மேதாவிகளாகத் திரிந்தோமே. அதே கை அரித்தது. குரோம் ஷார்ட்கட்டில் 'அலவ் ஃபைல் ஆக்சஸ் ஃப்ரம் ஃபைல்ஸ்' என்று ஒரு வால் ஒட்டினால் பூட்டு கழன்றுவிடும், ஒட்டப்போனேன்.

அப்போதுதான் பார்த்தேன், அப்பா பென்டிரைவை அப்படியே டவுன்லோட்ஸில் கொட்டியிருக்கிறார். பக்கத்தில் பாஸ்புக் ஸ்கேன், ஆதார், பட்டா. நடுவே யாரோ ஃபார்வர்டு பண்ணிய பொங்கல் வாழ்த்து, அதுவும் ஒரு எச்டிஎம்எல் ஃபைல்! வயிறு கலங்கிவிட்டதடா. அந்தக் காலத்து ஃபயர்பாக்ஸாக இருந்தால், பேரை ஊகித்தாலே போதும், அந்த வாழ்த்து பக்கத்து ஃபைல்களைப் படித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் ஒரு மெசேஜிங் ஆப்பை வைத்து அப்படி நடத்தியே காட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் அது ஃபைலுக்கு வைக்கிற பேர் எல்லாம் ஒரே மாதிரி. 2019-ல், ஃபயர்பாக்ஸின் 68-ஆம் பதிப்பில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

வாலை ஒட்டினால் குரோமிலும் அதே கதிதான். சரி, ஒட்டவில்லை. ஜேசனை ஒரு ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ஃபைலாக்கி, பக்கத்தோடு ஸ்கிரிப்ட் டேகில் கோத்தேன், அதற்குத் தடை கிடையாது. ஓடியது. அப்பா முதல் தேடலிலேயே எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிட்டார். இதுவரை பதினேழு.

அப்புறம், நம் காலேஜ் கையெழுத்துப் பத்திரிகையின் சிடி உன்னிடம்தானே இருக்கிறது? அது திறக்கிறதா என்று பார்த்துச் சொல். மாமா எழுதிய தலையங்கம் மட்டும் திறக்காவிட்டால் பரவாயில்லை.

பாபு