மலை வீட்டுப் படமும் கீழக்கரை உப்புக் காற்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலை நகரங்களில் இப்போது கட்டப்படும் வீடுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சரிவை வெட்டித் தரைமட்டமாக்காமல் அதன் போக்கிலேயே படிப்படியாக அறைகளை இறக்குவதும், வெயிலை உள்ளே வாங்கக் கண்ணாடிச் சுவர் வைப்பதும் படங்களில் அருமையாக இருந்தன. ஆனால் அந்தப் படங்களைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு நேராகக் கொத்தனாரிடம் போகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நானும் அப்படிப் போனவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான எங்கள் கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிப்பது வழக்கம். 2013இல் மூத்த மகளுக்காக நான் கட்டியது, ஊட்டியில் பார்த்து ஆசைப்பட்ட ஒரு வீட்டைப் போன்றது. மேற்கிலும் தெற்கிலும் திறக்க முடியாத பெரிய கண்ணாடி. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில், பகல் வெயிலை உள்ளே பிடித்து வைத்தால் மாலைக் குளிருக்கு இதமாக இருக்கும். எங்களுக்குத் தெற்கே கடல். காற்று வர வேண்டிய பக்கத்தை அடைத்துவிட்டு, வெயிலுக்கு வழி விட்டிருக்கிறோம். சித்திரை மாதத்தில் அந்த அறையில் பேரப்பிள்ளையைப் படுக்கவைக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய அடி கூரையில் விழுந்தது. ஏழாவது வருடம் படுக்கையறை மேல்தளத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், கம்பி பருத்து உள்ளிருந்தே தளத்தைப் பிளந்துவிடும். இதற்கு விதி இல்லாமல் இல்லை. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி, 2000ஆம் ஆண்டின் ஐஎஸ் 456, கடற்கரையில் கட்டும் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 என்ற வலுத்தரக் கலவையும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்கிறது. என் வீட்டில் உடைத்துப் பார்த்தபோது ஒரு விரற்கடைகூட இல்லை. கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமலே கம்பி கட்டியிருக்கிறார்கள். கலவைக்கு ஊற்றியது கிணற்று உப்புத் தண்ணீர் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

என் உம்மாவின் பழைய வீட்டில் இப்போது தங்கை இருக்கிறாள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், மேலே பனங்கை என்கிற பனைமரச் சட்டம், நடுவில் முற்றம். துருப்பிடிக்க அந்தச் சுவருக்குள் இரும்பே கிடையாது. 1964 புயல் அடித்த தனுஷ்கோடியில் கூரை போன தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்றும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதற்காக மறுபடி பவளத்தை வெட்டுவோம் என்று நான் சொல்லவில்லை. வெட்டியது போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அதுவும் காரணம். இன்று சட்டமும் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். முற்றத்தையும் திண்ணையையும் எதிரெதிர் ஜன்னல்களையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே! அவற்றை நாமாகத்தானே விட்டோம்?

மலைக்காரர்களைக் குறை சொல்லவே மாட்டேன். சிம்லாப் பக்கத்துப் பழைய வீடுகளில் கல் ஒரு வரிசை, தேவதாரு மரம் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். காத் குனி என்று அதற்குப் பெயர். நிலம் அதிர்ந்தால் சுவர் சேர்ந்து ஆடும், சட்டென்று பிரியாது. சரிவு மண்ணைத் தடுத்து நிறுத்தும் தாங்குசுவரில் வரிசையாகத் துளை விடுவது, பின்னால் மண்ணில் தேங்கும் மழைத்தண்ணீர் சுவரைத் தள்ளாமல் வடிவதற்காக. ஒவ்வொன்றும் அந்த மண்ணைப் பார்த்துச் செய்தது. உங்கள் கட்டுரையில் படங்கள் பெரிதாக இருந்த அளவுக்கு இந்தக் காரணங்கள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எனவே ஒரு வேண்டுகோள். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எங்கள் கரையில் எப்படி வீடு கட்டலாம் என்று, விவரம் தெரிந்த கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஜன்னல், கம்பிக்கு எவ்வளவு மூடல், கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று கொத்தனாருக்குப் புரிகிற மாதிரி வரைபடத்தோடு வரட்டும். அடுத்த வருடம் இளைய மகளுக்கு வீடு தொடங்க இருக்கிறேன். அதற்குள் வந்தால் அந்தப் பக்கங்களை அப்படியே கொத்தனார் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கீழக்கரை