அழிக்கும் கருவிக்கு விளக்கம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையப் பகுப்பாய்வு மென்பொருள்களோடு, சொன்னதைக் கேட்டுத் தானே கருவிகளை இயக்கும் ஏஐ ஏஜென்ட்களை இணைத்துத் தரும் கொழும்பு நண்பர்களுக்கு,

வணக்கம். புறக்கோட்டைப் புடைவைக்கடை, வெள்ளவத்தை டியூஷன் வகுப்பு போன்ற சின்ன இடங்களின் வெப்சைட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். போன கிழமை எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தோடு திரும்பிப் போனார்கள் என்று கேட்டால் ஏஜென்ட் எடுத்துச் சொல்லிவிடுகிறது. வாசிக்கும் கருவிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மடல் அழிக்கும் கருவிக்கு, அதாவது பகுப்பாய்வு மென்பொருளில் ஒரு சைட்டின் பதிவைத் தரவோடு நீக்க ஏஜென்ட் அழைக்கும் கருவிக்கு, நீங்கள் எழுதும் விளக்கத்தைப் பற்றி மட்டும்தான்.

“உறுதி செய்தால் மட்டுமே அழிக்கும்” என்று ஒரு வரி போடுகிறீர்கள். சரி, யார் உறுதி செய்வது? பல கருவிகளில் அது ‘ஆம்’ என்று நிரப்பவேண்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான். ஏஜென்ட் முதலில் அழைக்கும், “உறுதி இல்லை” என்று பிழை வரும், அடுத்த நொடி ‘ஆம்’ போட்டுத் திரும்ப அழைக்கும். பிழைச் செய்தியைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளத்தானே அதைப் பழக்கியிருக்கிறோம்! கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைப் பூட்டிலேயே விட்டுவந்த மாதிரி. ஏஜென்ட்களையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் 2025 மார்ச் முதல், இந்தக் கருவி எதையாவது அழிக்கக்கூடியது என்று அடையாளமிட வழி இருக்கிறது. அதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அது வெறும் குறிப்புத்தான், நம்பிக்கையான சேர்வரிலிருந்து வராவிட்டால் நம்பவேண்டாம் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. ஆகவே உறுதி செய்வது ஏஜென்டா, திரைக்கு முன்னால் இருக்கும் மனிதரா என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அந்த மனிதருக்கு எதைக் காட்டுகிறீர்கள் என்பது அடுத்த பிரச்சினை. “பழைய டெஸ்ட் சைட்களை எல்லாம் எடுத்துவிடு” என்று கடைக்காரர் சொல்கிறார் என்று வையுங்கள். பட்டியலில் அந்தக் கடையின் பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்றில் ‘டெஸ்ட்’ என்று ஒட்டியிருக்கும். சைட்டைக் கட்டியவர் அவசரத்தில் அந்த டெஸ்ட் பதிவுக்குரிய, வருகையை எண்ணும் நிரல்துண்டையே உண்மையான சைட்டில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். இது நடக்காத விஷயமில்லை. “இலக்கம் 7 அழிக்கப்படும், சரியா?” என்று கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். பெயரோடு முகவரியையும், எத்தனை மாதத் தரவு இருக்கிறது என்பதையும், கடைசி வருகை எப்போது பதிவானது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். “கடைசி வருகை: இன்று காலை” என்ற ஒரு வரி போதும், கை நின்றுவிடும். முதல் அழைப்பு இதைக் காட்டுவதோடு நிற்கவேண்டும். அழிப்பது வேறு அழைப்பாக, மனிதர் தானே சைட்டின் பெயரைத் தட்டியபிறகுதான் நடக்கவேண்டும்.

இன்னொன்றை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. பகுப்பாய்வுத் தரவின் ஒரு பகுதியை எழுதுவதே முன்பின் தெரியாதவர்கள்தான். பக்க முகவரி, பிரசாரப் பெயர், எங்கிருந்து வந்தார் என்ற விபரம் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. போலி முகவரிகளை அறிக்கைக்குள் தள்ளும் ஸ்பாம் பல வருடங்களாக இருக்கிறது. அதைத் தடுக்க மட்டோமோ என்ற பகுப்பாய்வு மென்பொருள் தனியாக ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதே வழியால் “இந்த சைட்டை அழி” என்ற கட்டளையும் உள்ளே வரலாம். அறிக்கையை வாசிக்கும் ஏஜென்டின் கையிலேயே அழிக்கும் கருவியும் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.

அழித்தபின் என்ன மிஞ்சும் என்பதும் வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸில் ஒரு புரொப்பர்ட்டியை (அங்கே ஒரு சைட்டின் பதிவுக்கு அதுதான் பெயர்) அழித்தால் 35 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். உங்கள் கருவியில் எப்படி? பேக்கப் இருக்கும்தானே என்று சொல்லாதீர்கள். 2023இல் அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த லங்கா அரசாங்கக் கிளவுட் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பேக்கப் இல்லாமல் போனதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

அழிக்கும் கருவியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை அழிக்கும்படி கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஒரு வாடிக்கையாளர் அப்படிக் கேட்டால் செய்துகொடுக்க வழி வேண்டும். ஆனால் ஒருவரின் வருகைப் பதிவை நீக்குவதும் முழு சைட்டையும் நீக்குவதும் ஒரே கருவிக்குள், ஒரே விளக்கத்தின் கீழ் இருக்கக்கூடாது. பிரித்துவிடுங்கள்.

உறுதி கேட்கும் திரையின் வாசகங்களைத் தனிக் கோப்பாகத் தாருங்கள். எங்கள் கடைக்காரர்கள் வாசிக்கும் தமிழில் அதை நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளைத் தினமும் பாவிக்கும் ஒருவர்,
வெள்ளவத்தை