தம்பியின் கட்டைவிரலுக்கு எவ்வளவு?

10.6.2025

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த செய்தியையும், ஏப்ரலில் தம்பியின் வலது கட்டைவிரல் பட்டறைப் பிரஸ் இயந்திரத்தில் போன செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டாய். குழந்தையை நேரில் வந்து பார்க்கிறேன். விரல் விஷயம்தான் அவசரம்.

ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறாராம் முதலாளி. போட வேண்டாம். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கிடையாது. எனவே 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் கணக்குப் போட வேண்டும். முதலாளியின் மனசு இதில் சேராது.

தம்பியின் சம்பளம் 18,000 ரூபாய். சட்டமோ 15,000 வரைதான் பார்க்கும். (2020இல் உயர்த்திய வரம்பு இது. அதற்கு முன்பு 8,000! அந்தப் பணத்தில் யார் குடும்பம் நடத்தினார்களோ.) அதில் 60 சதவீதம் 9,000. விபத்தன்று அவனுக்கு நாற்பது வயது நிரம்பியிருந்தது; அந்த வயதுக்கு அட்டவணை தரும் காரணி 184.17. பெருக்கினால் 16,57,530. இது நிரந்தர முழு ஊனத்துக்கு உரிய தொகை. கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம் என்பதால் 4,97,259 ரூபாய் வருகிறது. அவர் தருவதாகச் சொல்வது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மருத்துவமனைச் செலவைத் தானே கட்டியதாகச் சொல்லிக் கழிக்கப் பார்க்கிறாரே, அதுவும் நடக்காது. சிகிச்சைக்குக் கொடுத்த பணம் இழப்பீட்டில் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் தராததால் 12 சதவீத வட்டியும் கேட்கலாம்.

அந்த 30 சதவீதத்தோடு நிற்க வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, இனி அவரால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், சம்பாதிக்கும் திறனில் நூறு சதவீத இழப்பு என்றே 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தம்பிக்குப் பிரஸ் வேலை தவிர வேறு தெரியாது. இனி அந்த வேலைக்கு ஆகாது என்று மருத்துவர் எழுதித் தந்தால் வாதாட இடமுண்டு. கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன்.

முதலாளி நல்ல மனிதர், பகைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறாய். நல்லவராகவே இருக்கட்டும். உடன்பாடு வேண்டுமென்றால் அதை, இந்த வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யச் சம்மதிக்கிறாரா என்று கேள். தொகை போதாது என்று தோன்றினால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கிய தாள் செல்லாது.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதற்காகத் தள்ளிப்போடாதே. சம்பளத்தைக் கையில் கொடுத்து வந்தார்களா, வங்கியில் போட்டார்களா? உடனே பதில் எழுது. கையில் என்றால், கூட வேலை செய்தவர்களில் யார் சாட்சி சொல்ல வருவார்கள் என்பதையும் விசாரித்து வை.

அன்புடன்,
சுந்தரம்