ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடுகிறது: சிஸ்டம் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிக் கணினி ஆய்வகங்களையும் நூலகக் கணினிகளையும் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பீர்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகியும் விடும். நான் எழுத வந்தது ரீஸ்டார்ட் செய்வதாலேயே வருகிற கோளாறைப் பற்றி. எழுத்தைப் பெரிதாக்கி வைக்கிறோம், தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கிறோம், மவுஸ் அம்புக்குறியின் நிறத்தை மாற்றுகிறோம். மறுநாள் வந்து கணினியைப் போட்டால் எதுவுமே இல்லை.

நான் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகக் கணினி வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருவர் இருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் செட்டிங்ஸைத் திறப்பார். அக்செஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ், ஸ்லைடரை 175 வரை இழுத்து அப்ளை. அப்புறம் கான்ட்ராஸ்ட் தீம். அப்புறம் மவுஸ் பாயின்டர். எழுத்து பெரிதாகும் வரைக்கும் அந்த மெனுக்களையெல்லாம் சின்ன எழுத்திலேயேதான் படித்தாக வேண்டும், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து. அவர் நிமிர்வதற்குள் மற்றவர்கள் எக்செல்லில் பாதித் தாளை நிரப்பியிருப்பார்கள். அடுத்த வகுப்பிலும் இதே கதை. ஆய்வகத்தில் கேட்டால், "அது அப்படித்தான் மேடம், சேவ் ஆகாது" என்றார்கள்.

ஏன் சேவ் ஆகவில்லை என்று பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி. காரணம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சியும் வேண்டாம். வால்பேப்பரையோ எழுத்தளவையோ மாற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யாமல் சைன் அவுட் மட்டும் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். மாற்றம் அப்படியே இருந்து, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மறைகிறது என்றால், ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி வட்டையே யாரோ உறைய வைத்திருக்கிறார்கள். சைன் அவுட்டிலேயே போய்விட்டால் கோளாறு அந்தப் பயனரின் புரொஃபைலில், அதாவது அவருடைய அமைப்புகளும் கோப்புகளும் இருக்கும் இடத்தில், இருக்கிறது. மாற்றவே விடாமல் பொத்தான் மங்கிக் கிடந்தால், நிர்வாகி போடும் கட்டுப்பாட்டு விதியான குரூப் பாலிசி பூட்டியிருக்கிறது, அல்லது விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை, அதாவது உரிமம் பதிவாகவில்லை. கடைசிக் காரணத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் பெர்சனலைசேஷன் பக்கம் பூட்டியே இருக்கும். மாணவர்களிடம் கட்டணம் வாங்கும் ஆய்வகத்தில் இதற்குச் சாக்கு கிடையாது.

புரொஃபைல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போவது வால்பேப்பர் மட்டுமல்ல. ஒவ்வொரு பயனரின் விருப்பங்களும் அவருடைய ஃபோல்டரில் என்டியூசர்.டேட் என்ற கோப்பில் இருக்கின்றன. சைன் இன் செய்யும்போது விண்டோஸ் அதைத் திறக்கும், வெளியேறும்போது எழுதி மூடும். அந்தக் கோப்பு கெட்டிருந்தாலோ திறக்க முடியாமல் போனாலோ, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டெம்ப் என்ற தற்காலிகப் புரொஃபைலைப் போட்டுக் கொடுத்துவிடும். அதற்கு ஓர் அறிவிப்பு வரும்தான். மாணவர்கள் அதைப் படிக்காமலே மூடிவிடுவார்கள். அன்றைக்கு டெஸ்க்டாப்பில் சேமித்த புராஜெக்ட் கோப்பும் வெளியேறும்போது சேர்ந்தே அழிந்துவிடும். விண்டோஸில் நடப்பதைப் பதிவு செய்து காட்டும் இவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து 1511 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால், தற்காலிகப் புரொஃபைல்தான். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் பகுதிக்குப் போனால், அந்தப் பயனரின் நீண்ட எண்ணின் வாலில் .பேக் என்று ஒட்டிக்கொண்டிருப்பதையும் பெரும்பாலும் பார்க்கலாம். அதைச் சரிசெய்வது உங்களுக்குத் தெரிந்த வேலை. முடியாவிட்டால் புதுக் கணக்கு தொடங்கி, கோப்புகளை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

புரொஃபைல் கெட்டுப்போக வழக்கமான காரணங்கள் உண்டு: நிரம்பிய வட்டு, தேய்ந்த ஹார்டு டிஸ்க், கோப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆன்டிவைரஸ். நம்மூர் ஆய்வகங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் மணி அடித்ததும் கணினிகளை ஷட் டவுன் செய்யாமல் மெயின் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம். கோப்பு முழுதாக எழுதி முடியும் முன்பே மின்சாரம் போனால், அந்த அமர்வில் மாற்றியது தங்காமல் போகலாம், சில நேரம் கோப்பே பாழாகலாம். இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், உதவியாளரிடம் சொன்னால் போதும்.

இனி உறைய வைத்த கணினிகள். இப்படி உறைய வைக்கும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்களை நீங்கள் ஏன் போடுகிறீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யார் யாருடைய பென் டிரைவோ வந்து போகும் இடம் அது. ஷார்ட்கட் வைரஸ் ஒன்று நுழைந்தால் ஆய்வகம் முழுக்கச் சுற்றிவரும். போதாக்குறைக்கு, திரையில் ஏதாவது நடிகர் படத்தை வைத்துவிட்டு எழுந்து போகும் பிள்ளைகள். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சுத்தம் என்பது உங்களுக்கு எவ்வளவு நிம்மதி! அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வால்பேப்பரையும் பூட்டியே வையுங்கள், கல்லூரிச் சின்னமே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் எதை உறைய வைக்கிறோம் என்று உறைய வைப்பதற்கு முன்னால் யோசிக்கலாம். விண்டோஸை நிறுவி, ஆஃபீஸைப் போட்டு, ஆங்கிலத்தோடு அப்படியே பூட்டிவிடுகிறீர்கள். தமிழில் தட்டச்சு செய்ய வேண்டிய மாணவர் தினமும் லாங்வேஜ் பக்கத்துக்குப் போய்த் தமிழைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்டது. இப்போது விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. தமிழ்த்துறை மாணவர்கள் வந்து உட்காரும் ஆய்வகத்தில் அது ஏன் முதலிலேயே இருக்கக்கூடாது?

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டீப் ஃப்ரீஸின் கரடி ஐகானை இரட்டைச் சொடுக்கு, பாஸ்வேர்டு, பூட் தாட் (உறையாத நிலையில் தொடங்குவது), ரீஸ்டார்ட். கணினி இளகி நிற்கும்போது பொதுக் கணக்கில் தமிழ்99ஐச் சேருங்கள். அப்புறம் "பெரிய எழுத்து" என்ற பெயரில் இன்னொரு கணக்கு தொடங்குங்கள். அதற்குள் போய் எழுத்தளவு 175, கான்ட்ராஸ்ட் தீம், பெரிய மவுஸ் பாயின்டர், மேக்னிஃபையர் எல்லாவற்றையும் ஒரே தடவை அமைத்துவிட்டு, மறுபடி உறைய வையுங்கள். இனி எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் கணக்கு பெரிய எழுத்தோடுதான் எழுந்திருக்கும். உங்கள் பாதுகாப்பில் துளி குறையாது. உள்நுழையும் திரையில் கூடுதலாக ஒரு பெயர் தெரியும், அவ்வளவுதான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைபடிப்பான் வேண்டியவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை அதே கணக்கில் நிறுவிவிடலாம். நிறுவ மனமில்லை என்றால், அவர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் போர்ட்டபிள் பிரதியையாவது ஓட விடுங்கள். அது தன் அமைப்புகளைத் தன் ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளும், உங்கள் வட்டைத் தொடாது.

இது யாரோ போடும் பிச்சை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. "மேலிடத்தில் அனுமதி இல்லை" என்று உங்களுக்கே பதில் வந்தால், மேலிடத்திடம் காட்ட ஒரு தாள் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாக் கணினிகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் வைத்திருக்கும் பெரிய கல்லூரிகளில் தொல்லை வேறு மாதிரி. எப்போதோ யாரோ போட்ட குரூப் பாலிசி ஒன்று உட்கார்ந்திருக்கும், போட்டவர் வேலையை விட்டே போயிருப்பார். "சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி செட்டிங்ஸில் தெரிந்தால், அந்தப் பயனரின் கணக்கில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஜிபிரிசல்ட் /ஆர் (gpresult /r) என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாலிசிகள் அவர் மீது விழுகின்றன என்று பட்டியல் வரும். கன்ட்ரோல் பேனலையே மொத்தமாக மூடியிருந்தால் எழுத்தளவும் சேர்ந்தே மூடப்பட்டிருக்கும். வால்பேப்பரை மட்டும் தடுக்கத் தனிப் பாலிசி இருக்கும்போது வீட்டையே பூட்டுவானேன்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்களில் பலர் விண்டோஸ் 11க்கு மாறிக்கொண்டிருப்பீர்கள், அதற்குப் புது மாஸ்டர் இமேஜ், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுக்கும் மூலப் பிரதி, எப்படியும் போட்டாக வேண்டும். அதை எல்லாக் கணினிகளுக்கும் இறக்குவதற்கு முன்னால், தமிழ்த்துறையிலிருந்து ஒருவரையும் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரையும் கூப்பிட்டு, அந்த ஒரு கணினியில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அவர்கள் எதை மாற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் இருப்பதையெல்லாம் இமேஜில் சேர்த்த பிறகு உறைய வையுங்கள்.

அன்புடன்,
ஒரு கணினிப் பயிற்றுநர்