நூறு ஃபீல்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்தான். ஆனால் பதினெட்டு நாட்களாக நீ தொலைபேசியை எடுக்காமல், டியூட்டியில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பதால், அந்த வரியை இந்த முறை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. ஹவுஸ் சர்ஜனுக்கு நேரம் இருக்காது என்பது 31 ஆண்டுகள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியாததல்ல. பேச்சு என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை எப்படியும் முடிவு வரை படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அக்கா குழந்தைக்குப் பிசிஜி தடுப்பூசி போட்ட இடத்தில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, இப்போது நல்ல தழும்பாக ஆறியிருக்கிறது. மூன்று மாதம் முடிந்துவிட்டது, குப்புற விழப் பார்க்கிறான். கொல்லை மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. திருவையாற்று வரன் வீட்டார் மறுபடியும் கேட்டார்கள். பயிற்சி முடியட்டும், ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி நீ எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம், இங்கே யாருக்கும் அவசரமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. மெஸ்ஸில் முட்டை கொடுக்கும் நாளில் வேண்டாம் என்று சொல்லாதே.

இறுதியாண்டில் நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னைத்தான் நோயாளியாகக் கட்டிலில் படுக்க வைப்பாய். பெயர், வயது, தொழில், ஊர், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசை தப்பாமல் கேட்பாய். நான் முழங்கால் வலி என்று உண்மையைச் சொன்னால், இன்றைக்கு நீங்கள் மஞ்சள்காமாலை கேஸ் அம்மா, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று அதட்டுவாய். கீழ் இமையை இழுத்துச் சோகை பார்ப்பாய், நகத்தைப் பார்ப்பாய், முதுகில் விரலை வைத்துத் தட்டிக் கேட்பாய். 1761-இல் அந்த முறையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஔவன்புருகர் ஒரு விடுதிக்காரரின் மகன் என்றும், பீப்பாயில் மது எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் பழக்கமே அவருக்கு வழி காட்டியது என்பார்கள் என்றும் நீதான் சொன்னாய். அப்படியானால் நம் வீட்டில் தேங்காயைத் தட்டி வாங்குகிற உன் ஆயாவும் பாதி டாக்டர்தான் என்றேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லெனெக்கின் கதையையும் அன்றுதான் சொன்னாய். 1816-இல் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர், எத்தனையோ காசநோயாளிகளின் மூச்சைக் கேட்டு எழுதி வைத்தவர், 1826-இல் தம் 45-ஆம் வயதில் அதே நோயில் இறந்தார். அவருடைய நெஞ்சைக் கேட்டுச் சொன்னது அவருடைய உறவினரான ஓர் இளம் மருத்துவர். தன் முதுகைத் தானே தட்டிப் பார்க்க யாராலும் முடியாது இல்லையா அம்மா என்று சொல்லி நீ அந்தக் கதையை முடித்தது சில நாட்களாகவே என் நினைவில் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் ஆண்டு நடந்ததையும் நினைத்துக்கொள்கிறேன். படிக்கிற பாடமெல்லாம் தன் உடம்பிலேயே இருப்பதாகத் தோன்றுவது மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு இயல்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். உனக்கு ஒரு வாரம் மூளையில் கட்டி, மறுவாரம் இதய வால்வில் கோளாறு, அடுத்த வாரம் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, லிம்போமா புற்றுநோயாக இருக்குமோ என்று இரவு பதினொரு மணிக்கு அழைத்து அழுதாய். நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், சின்ன அத்தை வீட்டு வளைகாப்பில் அத்தனை பேர் நடுவில், எங்கள் வீட்டு டாக்டருக்கு வாரம் ஒரு வியாதி என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நீயும் சிரித்தாய். அதன் பிறகு தலைவலி என்றுகூட நீ என்னிடம் சொன்னதில்லை. நீ பக்குவப்பட்டுவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

உன்னைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு வேறு காரணங்களும் உண்டு. கேஸ் பார்ப்பதில் உன் பேட்சிலேயே நீதான் கெட்டிக்காரி என்று உன் தோழி சொன்னபோது நான் வியப்படையவில்லை. ஆனால் கெட்டிக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. ஓபி வரிசையில் நிற்கிற சாதாரண வியாதி அவர்கள் கண்ணில் படத் தாமதமாகும். பருத்திக் கொல்லையில் வேலை பார்த்த அம்மாளின் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது நாள் காய்ச்சல். வெளியே எடுத்த விடால் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று டைபாய்டுக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். நம் ஊர்களில் ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று சொல்வது, கூரையில் ஈரம் இருப்பதால் இன்று மழை பெய்தது என்று சொல்வதைப் போன்றது. என்றோ பெய்ததாகவும் இருக்கலாம். அப்போது புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், சேலையை விலக்கி, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். வலியும் இல்லாமல் அரிப்பும் இல்லாமல் இருந்ததால் அந்த அம்மாளுக்கே அது தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், புதர்ப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல். டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. என்னுடைய ஆய்வகத்தால் சொல்ல முடியாததை ஒருவர் விலக்கிப் பார்த்த சேலை சொல்லியது என்பதை நான் மறக்கவில்லை. நீயும் அந்த மாதிரி டாக்டராக வர வேண்டும் என்றுதான் அன்று உன்னிடம் சொன்னேன். ஆனால் விலக்கிப் பார்ப்பதற்கு அந்த அம்மாள் சம்மதித்தார் என்பதை அப்போது சொல்ல விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் மாத்திரைப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று உன் உடன் பயிலும் பிள்ளைகளுக்கும் சொல். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சாம்பிளாகவும் கிடைக்கிறது என்று ஐந்து நாள் போட்டுக்கொள்கிறார்கள். இருமல் கொஞ்சம் அடங்கும், உள்ளே இருப்பது தலையைக் குனிந்துகொள்ளும், பிறகு பரிசோதித்தால் அகப்படாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை என்று நீங்களே சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். ஒட்டுகிறவர்களுக்கும் அது பொருந்தும். நேரத்துக்குச் சாப்பிடு. வார்டில் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்ளாதே.

சளிப் பரிசோதனை என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை.

ஸ்லைடில் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலம் ஏற்றி, எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் வட்டம் வட்டமாக நகர்த்திப் பார்ப்பது என் வேலை. ஒரு வட்டம்தான் ஒரு ஃபீல்டு. நீல வெளியில் ஒரு சிவப்புக் குச்சி. நூறு ஃபீல்டு பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால்தான் நெகட்டிவ் என்று எழுத வேண்டும். நூற்றில் ஒன்று முதல் ஒன்பது வரை கிருமி இருந்தால் ‘ஸ்கேன்டி’ என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றும் பயிற்சியில் சொன்னார்கள். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது, மூட்டைப் பிடித்துக்கொண்டு ஊரே எங்கள் வாசலில் நின்றது. காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் மலேரியாவுக்கு ரத்தத் தடவல் எடுக்க வேண்டும், ஆள் நான் ஒருத்தி. சளி ஸ்லைடுகள் மூன்று நாளாகத் தேங்கிக் கிடந்தன. அவற்றில் மூன்று, நம் ஆட்டோ மாமாவுடையவை.

ஒவ்வொன்றிலும் இருபது ஃபீல்டு பார்த்திருப்பேன். நெகட்டிவ் என்று எழுதிப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். மீதி எண்பதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். மறுபரிசோதனைக்காக எடுத்துச் சென்ற ஸ்லைடுகளில் அவை அகப்படவில்லை. தை மாதம் அவர் ரத்தமாகத் துப்பிக்கொண்டு வந்தபோது முதல் ஃபீல்டிலேயே கொத்துக் கொத்தாக இருந்தன. மூன்று பிளஸ், அதுதான் உச்ச அளவு. மூன்று பிளஸ் என்று சொல்ல 20 ஃபீல்டு பார்த்தால் போதும் என்பதுதான் விதி.

இடைப்பட்ட அந்த ஐந்தாறு மாதமும் அவர் உன்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பின்னால் ஆறு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முன் சீட்டில் மாமா பக்கத்தில்தான் உட்காருவேன் என்று நீ தினமும் அடம் பிடிப்பாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடுவார். உனக்கு அப்போது ஐந்து வயது. ஆறு வயதுக்கு உட்பட்ட வீட்டுக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் ஐஎன்ஹெச் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அவருடைய பேரனுக்கு நானே எண்ணிக் கொடுத்தேன். நீ அவர் வீட்டுக் குழந்தை அல்ல. விதி அப்படித்தான் சொன்னது, நான் அந்த விதிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உனக்கும் வேண்டும் என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டிருந்தால், எத்தனை நாளாக அவருக்கு இருமல், முன்பே பரிசோதிக்கவில்லையா என்று அவர் பதிவேட்டைப் புரட்டியிருப்பார். என் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் கேட்கவில்லை.

அவர் ஆறு மாத மருந்தை முடித்தார், குணமானார், ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை, ஆட்டோவை விற்றார். பொங்கல்தோறும் நம் வீட்டுக்கு வாழைத்தார் ஏன் வருகிறது என்று சிறுவயதில் கேட்டாயே. நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்த அம்மா என்றுதான் அவர் என்னை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பொங்கலுக்கும் கொண்டுவந்தார். நீ வாசல் வரை போய் அவரிடம் பேசினாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

வருடக்கணக்கில் உறங்கிக் கிடப்பது, தூக்கமும் சோறும் இல்லாமல் உடம்பு தளரும்போது எழுந்துகொள்ளும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சக வார்டில் இரண்டு மாதம் நின்றவளுக்கு அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எந்த மருத்துவரும் சொல்வார், அதுவே சரியாகவும் இருக்கும். எது வந்தது என்று நான் இன்னும் எழுதவே இல்லை, பார்.

நீ கற்றுக்கொடுத்தபடியே ஒரு கேஸ் சொல்கிறேன். 24 வயதுப் பெண், திருமணமாகாதவர், மருத்துவமனையில் பணி. இருமல், எத்தனை வாரமாக என்பது தெரியாது, நோயாளி சொல்லவில்லை. எடை குறைந்திருக்கிறது, சுடிதாரின் பக்கத் தையல் உள்வாங்கிப் பிடிக்கப்பட்டிருந்தது, தையற்காரர் பிடித்ததல்ல, கைத்தையல். வீட்டில் எல்லோரும் கூடத்தில் படுத்திருக்க, படிக்க வேண்டும் என்று நான்கு இரவும் மாடியறையில் தனியாகப் படுத்தார். தனி டம்ளர் வைத்துக்கொண்டார். அக்கா குழந்தையை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. கேட்டதற்கு, ஆஸ்பத்திரித் துணி என்றார். அன்று உடுத்தியிருந்தது பொங்கலுக்கு எடுத்த புதுத்துணி. நோய் உள்ளவரோடு பழகியது உண்டா என்ற கேள்விக்குப் பதிலை மேலே எழுதியிருக்கிறேன்.

வேறு காரணங்கள் பலவும் இருக்கலாம். ஒவ்வாமை இருமலாக இருக்கலாம், வேலைப் பளுவில் இளைத்திருக்கலாம், உன்னிடமிருந்து எனக்குத் தொற்றிய மூன்றாம் ஆண்டு வியாதியாகவும் இருக்கலாம். அப்படியானால் நீ எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்துக்கொள். இல்லையென்றால் காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து வருவதைக் கொடு. எச்சிலைக் கொடுத்தால் எந்தக் கருவியும் ஒன்றும் சொல்லாது. எங்கள் கண்ணுக்கு ஒரு மில்லி சளியில் சுமார் பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் தெரியும். இப்போதைய சிபிநாட் கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும், இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும், என்னைப் போல் இருபதில் நிறுத்திக்கொள்ளாது. எக்ஸ்ரேயும் எடுத்துவிடு. ஏற்கெனவே பார்த்து மருந்து தொடங்கியிருந்தால், என்ன, ஏது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. தொடங்கிய தேதியை மட்டும் எழுது, ஆறு மாதத்தை நான் இங்கே நாட்காட்டியில் எண்ணிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வதா, வெறும் வயிற்றிலா என்பது உனக்கே தெரியும்.

அதற்காக வீட்டுக்கு வராமல் இருக்காதே. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வைப் படித்திருப்பாய்; நெருக்கடியான சிறு வீடுகளில் வைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களும் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள், கூட இருந்த வீட்டாருக்கு அதனால் அதிகமாக ஒன்றும் வந்துவிடவில்லை. உலகத்துக்கே அதை நம் ஊர்தான் சொன்னது. மாடியறையின் மேற்கு ஜன்னல் கீல் துருப்பிடித்துத் திறக்காமல் இருந்ததே, ஆசாரியை அழைத்துச் சரிசெய்து, இப்போது நான்கு ஜன்னலும் திறந்தே கிடக்கின்றன. பாத்திரத்தால் அது பரவாது என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீ தனியாக வைத்துவிட்டுப் போன டம்ளரில்தான் நான் தினமும் காபி குடிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா