நாய்க்குட்டிக்கும் ரசீது வேண்டும்

ஆசிரியருக்கு,

நாய்க்குட்டி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பெருகும் தகராறுகள் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். இரு தரப்பிலும் குறை இருக்கலாம். ஆனால் வழக்கு நிற்காமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் பேச்சு எல்லாம் வாய்வழியாகவே முடிந்துவிடுவதுதான். எங்கள் தெருவில் ஒருவர் லாப்ரடார் குட்டி வாங்கினார். குட்டியின் இனத்தைக் காட்டும் கென்னல் கிளப் சான்றிதழ் பிறகு வரும், தடுப்பூசி போட்டாயிற்று என்றெல்லாம் வாக்குறுதி. வீட்டுக்கு வந்த மறுநாளே வாந்தி, இரத்தக்கழிச்சல். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். இந்த நோய் தொற்றியபின் அறிகுறி தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும். அப்படியானால் எங்கே தொற்றியது என்று சொல்லத் தேவையில்லை. விற்றவரோ, "கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது" என்று முடித்துக்கொண்டார். பணம் ரொக்கமாகக் கைமாறியதால் காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள், வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விதி சரி, வாங்குபவர் கையில் என்ன இருக்கிறது? தடுப்பூசித் தேதி, வளர்ப்பாளரின் பதிவு எண், குட்டி நோயுற்றால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும், முன்பணம் எப்போது திரும்பாது ஆகியவை அடங்கிய ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைக் கால்நடை பராமரிப்புத் துறை தமிழில் வெளியிட்டு, அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்யலாம்.

– வாசகர், மதுரை